செவிக்கு ஒரு கோனார் உரை

சென்ற கார்த்திகையில் ஒரு ஞாயிறு மாலை, நண்பர் ஒருவர் வீட்டில் நாங்கள் எட்டுப் பேர் கூடி 'பதேர் பாஞ்சாலி' பார்த்தோம். சுவரில் 55 அங்குலத் தொலைக்காட்சி. அதன் காலடியில் புதிதாய் வாங்கிய சவுண்ட்பார். நாணல் காட்டில் துர்காவும் அப்புவும் கம்பத்தில் காது வைத்து அதன் ரீங்காரத்தைக் கேட்கும் இடம் வந்தது. அந்த ரீங்காரம் கம்பத்திலிருந்து வரவில்லை. பழுதான குளிர்பதனப் பெட்டியின் இரைச்சலைப் போல அறை முழுவதும் பரவி நின்றது. பின்னர், ஊர் திரும்பும் ஹரிஹர் மகளின் சாவை அறியும் காட்சி. சர்வஜயாவின் அழுகுரல் ஒலிக்க வேண்டிய இடத்தில் ராய் அக்குரலை நீக்கிவிட்டு தார் ஷெனாயை வைத்திருக்கிறார். ஒற்றைக் கம்பியாய் நெஞ்சில் இறங்க வேண்டிய அந்த ஓசை, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் குழறியது. படம் முடிந்ததும் எங்களில் இளையவர் ஒருவர் சொன்னார்: "பழைய படம்தானே, ஒலிப்பதிவு அப்படித்தான் இருக்கும்."

இக்கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கான மறுப்பு.

அந்தப் படம் 1955இல் வந்தது. அதன் ஒலி மோனோ, அதாவது ஒரே தடம். அப்பு வரிசைப் படங்கள் மூன்றின் மூல நெகடிவ்களும் 1993இல் லண்டனில் நேர்ந்த தீ விபத்தில் சேதமுற்றன. ஆண்டுக்கணக்கான உழைப்புக்குப் பிறகு 2015இல் அவற்றின் மீட்டெடுத்த வடிவம் உலகுக்குக் கிடைத்தது. அத்தனை பேர் பாடுபட்டுக் காப்பாற்றியதை ஒரு பொத்தான் கெடுத்துவிட்டது. சவுண்ட்பாரின் 'சரவுண்ட்' பொத்தானைத்தான் சொல்கிறோம். ஒற்றைத் தடத்தில் உள்ள ஒலியைக் குடைந்து, பிரித்து, காலம் தள்ளி, இல்லாத பக்கங்களுக்கெல்லாம் அது வாரி இறைக்கிறது. மறுநாள் அதை அணைத்துவிட்டு அதே காட்சியைப் போட்டோம். ரீங்காரம் கம்பத்துக்குத் திரும்பியது. பழுது படத்தினுடையது அல்ல. ஆனால் அந்த இளைஞரின் மனத்தில் ராய் சுமாரான ஒலியறிவு கொண்டவராக ஓரிரவு முழுவதும் இருந்துவிட்டார். எத்தனை வீடுகளில் எத்தனை இயக்குநர்கள் இன்றும் அப்படியே இருக்கிறார்களோ!

'சவுண்ட்பாரா, சரவுண்ட் ஒலிபெருக்கிகளா' என்று தொலைக்காட்சி வாங்கிய நண்பர்கள் அனைவரும் கேட்கிறார்கள். எங்கள் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சவுண்ட்பார் வேண்டாம். தனித்தனி ஒலிபெருக்கிகளின் வழியே செல்லுங்கள். ஆனால் ஐந்து, ஏழு என்று எண்ணிக்கையோடு தொடங்க வேண்டியதில்லை. நல்லதாய் இரண்டு போதும். மற்றவை காலம் வாய்க்கும்போது வரட்டும்.

சவுண்ட்பாரின் புகழ் எப்படி வந்தது? தொலைக்காட்சி மெலிந்ததால் வந்தது. பழைய குழாய்த் தொலைக்காட்சிகளுக்கு வயிறு இருந்தது. ஒலிபெருக்கி முகம் பார்த்து நிற்க அதில் இடம் இருந்தது. இன்றைய தகட்டுத் தொலைக்காட்சிகளில் அது கீழ்நோக்கியோ பின்சுவரை நோக்கியோ பேசுகிறது. யாரிடமோ முகம் திருப்பிக்கொண்டு பேசுபவரின் பேச்சு நமக்கு எப்படிக் கேட்கும்? ஆகவே வெளியிலிருந்து எந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாலும் முன்னேற்றமே. 'வாங்கி வைத்தேன், அடேயப்பா, என்ன வித்தியாசம்!' என்று நண்பர்கள் வியப்பது உண்மையான வியப்புதான். ஆனால் அவர்கள் ஒப்பிடுவது ஊமையோடு. ஊமையை விட நன்றாகப் பேசுகிறது என்பது பேச்சாளனுக்குப் புகழுரை ஆகாது.

வடிவியலைப் பார்ப்போம். திரையிலிருந்து 3 மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கிறோம் என்று கொள்க. இரண்டு முன் ஒலிபெருக்கிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும் என்பது ஒலிப்பதிவுக் கூடங்களில் நிலைபெற்ற வழக்கம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையும் அதுவே: நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 30 பாகை, ஆக மொத்தம் 60 பாகை. பக்கவாட்டு ஒலிபெருக்கிகளுக்கு 100 முதல் 120 பாகை வரை, அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால். இப்போது 1 மீட்டர் நீளமுள்ள பார் ஒன்றை அந்த 3 மீட்டர் தொலைவில் வையுங்கள். அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நம் கண்ணுக்குத் தெரிவது சுமார் 19 பாகை. படத்தின் ஒலியைக் கலந்தவர் 60 பாகையில் விரித்த உலகம் மூன்றில் ஒரு பங்காகச் சுருட்டப்படுகிறது. இது சுவை பற்றிய வேறுபாடு அல்ல. அடிமட்டம் வைத்து அளந்து பார்க்கக்கூடியது.

'சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியால் அந்தக் குறை நீங்கும்' என்கிறது விளம்பரம். கற்றை போலக் குவித்த ஒலியைப் பக்கச் சுவரை நோக்கி எறிந்தால், அது எதிரொளிர்ந்து பக்கவாட்டிலிருந்து வருவதாகத் தோன்றும். அறிவியல் சரியே. ஆனால் சுவர் எங்கே? நம் அடுக்ககங்களின் ஹாலை நினைத்துப் பாருங்கள். இடப்பக்கம் பால்கனிக் கதவு. வலப்பக்கம் சாப்பாட்டு மேசை, அதைத் தாண்டினால் அடுப்பங்கரை. ஒரு கற்றை எதிர்வீட்டுக்காரரின் கொடியில் காயும் துணியில் போய் விழுகிறது. மற்றது ரசம் கொதிக்கும் இடத்தில் முடிகிறது. உத்தரத்தில் மோதித் திரும்பும் 'மேலிருந்து வரும் ஒலி'யோ, சுழலும் மின்விசிறியைக் கடந்து வரவேண்டும். இருபுறமும் சமமான வெற்றுச்சுவரும் தட்டையான கூரையும் உள்ள அறையை எண்ணிச் செய்த கருவியை, அப்படியோர் அறையே இல்லாத வீடுகளுக்கு விற்கிறார்கள்.

இன்னொரு வழி, காதை ஏமாற்றும் கணக்கு. ஓர் ஒலி வலக்காதுக்கும் இடக்காதுக்கும் வந்து சேரும் நேரத்தில் உள்ள இடைவெளி, மிஞ்சிப்போனால், ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை விடக் குறைவு. அதையும், அளவு வேறுபாட்டையும், காதுமடலின் மடிப்புகள் ஒலியில் செய்யும் மாற்றத்தையும் கொண்டு மூளை திசையை அறிகிறது. அந்த மாற்றங்களைக் கணினியால் போலச் செய்து, முன்னாலிருந்தே 'பின்னால்' என்று சொல்ல வைக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவர் காதுமடலும் வெவ்வேறு. கணக்கோ ஒரு சராசரி மடலுக்குரியது. அதுவும் நேர் நடுவில் ஆடாமல் அசையாமல் அமர்ந்திருப்பவருக்கே ஓரளவு பலிக்கும். பாயில் எட்டுப் பேர் உட்கார்ந்து படம் பார்க்கும் வீட்டில் ஏழு பேர் கணக்குக்கு வெளியே.

இதனால்தான் அதைக் கோனார் உரை என்கிறோம். பள்ளி நாட்களில் அந்த உரைக்கு நாங்களும் கடன்பட்டவர்களே. அதை இழிவு செய்வது நோக்கமல்ல. தேர்வுக்கு அது போதும். ஆனால் அதைப் படித்துவிட்டுக் கம்பனைப் படித்ததாகச் சொல்லிக்கொள்ளும்போது சிக்கல் தொடங்குகிறது.

இங்கே இலக்கிய நண்பர்களின் மறுப்பு வரும். 'குண்டு வெடிப்பதும் கார் பறப்பதும் எங்களுக்குத் தேவையில்லை. நாங்கள் பார்ப்பது ராய், ஓசு, பிரெஸ்ஸான். எங்களுக்கு எதற்குப் பின்பக்க ஒலிபெருக்கி?' பாதி நியாயம். மோனோ படத்துக்குப் பின்பக்கம் தேவையே இல்லை. திரையின் நடுவிலிருந்து தெளிவாகப் பேசும் ஒரே நல்ல ஒலிபெருக்கி போதும். தனித்தனி அமைப்பில் அதைச் செய்வது எளிது: நடு ஒலிபெருக்கி பேசும், மற்றவை வாய்மூடி இருக்கும். தேவையற்றபோது மௌனமாயிருக்கத் தெரிவதும் ஒரு கருவிக்குரிய பண்புதானே.

மறு பாதி நியாயமல்ல. சரவுண்ட் என்றால் வெடிச்சத்தம் என்று நமக்குக் கற்பித்தது வணிக சினிமா. அதை நம்பியது நம் பிழை. அல்ஃபோன்சோ குவாரோனின் 'ரோமா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். மெக்சிகோ நகரத்துக் குடும்பமொன்றில் வேலை செய்யும் பெண்ணின் கதை. பின்னணி இசையே கிடையாது. தெரு வியாபாரிகளின் கூவல், நாய்க் குரைப்பு, கடந்து போகும் வாத்தியக் குழு, தரையைக் கழுவும் நீர் ஆகியவைதான் இசை. கேமரா மெல்லத் திரும்பும்போது பேசிக்கொண்டிருப்பவரின் குரலும் நம்மைச் சுற்றி நகர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தெருவே வீட்டுக்குள் அடைபட்ட க்ளியோவின் வாழ்வைச் சொல்கிறது. இறுதிக் கடல் காட்சியில் அலை முன்னால் மட்டும் இரைந்தால் நாம் கரையில் நிற்கும் வேடிக்கை பார்ப்பவர்கள். சுற்றிலும் இரைந்தால் அவளோடு நீருக்குள். இது ஆடம்பரமா, பொருளா? நாவலொன்றில் பத்து அத்தியாயங்களை அச்சிடாமல் விட்டுவிட்டு 'கதை புரிகிறதல்லவா' என்று கேட்டால் ஒப்புக்கொள்வோமா?

மறுபக்கத்து வணிகரையும் விட்டுவைக்க முடியாது. 'ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்-ஊஃபர், இத்தனை ஆயிரம் வாட்' என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்கும் நெகிழிக் குடுவைகள் சவுண்ட்பாரை விடவும் கேடு. பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் அச்சாகும் வாட் கணக்கு கற்பனை இலக்கிய வகையைச் சேர்ந்தது. உண்மையான வாட்டுக்கே மவுசு அவ்வளவில்லை. 100 வாட் 200 ஆனால் கூடுவது 3 டெசிபல் மட்டும். ஒலி இருமடங்காய்க் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். வாங்கியவரும் என்ன செய்கிறார்? பின்பக்கப் பெட்டிகள் இரண்டையும் இடம் இல்லையென்று திரைக்குப் பக்கத்திலேயே ஷோகேஸ் மேல் அடுக்கிவிடுகிறார். முதுகுக்குப் பின்னால் கேட்க வேண்டிய மழை கொலுப்பொம்மைகளுக்கு நடுவிலிருந்து பெய்கிறது. ஐந்து மோசமான ஒலிபெருக்கிகளை விட இரண்டு நல்லவை மேல் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

சவுண்ட்பாருக்கு உரிய இடத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு, சுவரில் ஓர் ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் மன்றாட வேண்டியவர்களுக்கு, அது பொருத்தமே. காது மந்தமான பெரியவர்களுக்கு வசனத்தை உயர்த்திக் காட்டும் வசதி பெரிய உதவி. ஒலிபெருக்கிக் கம்பிகள் தரையெங்கும் ஓடும் வீட்டை அன்றாடம் கூட்டிப் பெருக்குவது யார் என்ற கேள்விக்கு, கலையின் பெயரால் பேசும் ஆண்கள் பெரும்பாலும் பதில் வைத்திருப்பதில்லை. எங்களில் சிலரிடமும் இல்லை. இந்தக் காரணங்களுக்காக வாங்குபவர் வாங்கட்டும். 'சரவுண்ட்' பொத்தானை அணைத்துவிட்டு, தான் வாங்கியது தெளிவான வசனத்துக்கான கருவி என்ற அறிவோடு கேட்கட்டும். பின்பக்கப் பெட்டிகளும் சேர்த்து விற்கப்படும் பார்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சொல்: அவையும் சரவுண்ட் ஒலிபெருக்கிகளே. பார் மட்டும் போதாது என்பதைத் தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டதன் சான்று அது.

கடைசியாக, ஆயுள். சவுண்ட்பாரில் ஒலிபெருக்கியும் மின்சுற்றும் மென்பொருளும் ஒரே உடல். ஒன்று போனால் பெரும்பாலும் எல்லாம் போயிற்று. மின்சுற்று அற்ற சாதாரண ஒலிபெருக்கிக்கோ பின்னால் இரண்டு முனைகள், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. முப்பது ஆண்டுக்கு முந்தைய பெட்டியையும் இன்றைய ஆம்ப்ளிஃபயரில் இணைக்கலாம். ஓரத்து நுரைவளையம் நைந்தால் சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள், மாற்றிக் கொடுக்க ஆள் கிடைப்பார். அப்பா வாங்கியதில் பிள்ளை கேட்கலாம். புத்தகத்தைத் தவிர நம் வீடுகளில் அப்படிக் கைமாறும் பொருள் வேறென்ன மிஞ்சியிருக்கிறது?

1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடு வந்தபோது வியந்தோம். 2009இல் ரசூல் பூக்குட்டி ஒலிக்கலவைக்கான ஆஸ்கரைப் பெற்றபோது நம் வீட்டுப் பிள்ளை வென்றதாகக் கொண்டாடினோம். ஒலிக்கலைஞர்களை மேடையில் கொண்டாடுவது எளிது. அவர்கள் வைத்த ஓசையை வைத்த இடத்தில் கேட்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் இடம் மாறினால் பத்துப் பக்கம் சண்டையிடும் நம் சிற்றிதழ் மரபு, படத்தில் ஒரு குரல் இடம் மாறுவதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. நாம் கண்ணால் மட்டும் சினிமா பார்க்கும் கூட்டமாகவே இருந்துவிட்டோம்.

அந்த நாணல் காட்டில் இரயில் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே துர்கா கம்பத்தில் காது வைத்துக் கேட்கிறாள். அவளுக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. அடுத்த ஞாயிறு அதே வீட்டில், அதே எட்டுப் பேர், இரண்டு பழைய ஒலிபெருக்கிகளை எதிரெதிர் மூலைகளில் வைத்துப் படத்தை முதலிலிருந்து பார்க்கப்போகிறோம். அந்த இளைஞருக்கு நடு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.