காது மெஷின் வாங்கிவிட்டால் போதுமா?

காது கேளாத பிள்ளைகளைப் பெற்ற திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்துப் பெற்றோரே,

பிள்ளைக்கு மெஷின் பொருத்தியதோடு நம் கடமை முடிந்தது என்று எப்படி இருக்கிறோம்? கரும்பலகையில் இருப்பதைப் பிள்ளை அச்சுப் பிசகாமல் நோட்டில் எழுதி வருகிறது. பார்த்துப் பூரித்துப் போகிறோம். அந்த வரிக்கு என்ன பொருள் என்று ஒரு நாளாவது கேட்டோமா? கேட்கத்தான் நமக்கு மொழி இருக்கிறதா? சாப்பிடு, தூங்கு, வா, போ. பல வீடுகளில் சைகை இவ்வளவோடு நின்றுவிடுகிறது.

காது வழியாக மொழி முழுதாகப் போய்ச் சேராத பிள்ளைக்கு அது கண் வழியாகத்தான் போக வேண்டும். சைகையில் கதை கேட்டு, கேள்வி கேட்டு, சண்டை போட்டு வளர்ந்த பிள்ளைக்கு ‘மழை’ என்று எழுதிக் காட்டினால், தான் அறிந்த ஒன்றின் பெயர் அது என்று புரியும். இல்லாவிட்டால் அது வெறும் கோடு. சைகை மொழியும் எழுத்துத் தமிழும் சேர்ந்த இருமொழிக் கல்வி இதுதான். வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் நம் பக்கம் எத்தனை பேர்! அவர்கள் குழம்பிவிட்டார்களா?

சைகை பழகினால் பேச்சு வராது என்ற பயத்தையும் விடுங்கள். 1880-இல் காது கேளாதோர் கல்விக்கான மிலான் மாநாடு சைகையை வகுப்பிலிருந்து விலக்கியது. 2010-இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து, வருத்தமும் தெரிவித்தது. மெஷின் இருக்கட்டும், பேச்சுப் பயிற்சியும் நடக்கட்டும். சைகை எதற்கும் குறுக்கே நிற்காது.

பணமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பள்ளிக்கு ஆண்டு மானியம் வருகிறது. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். அந்த இடத்தில் நாம் உட்காருகிறோமா? ஷிப்ட் என்கிறோம். அப்பாவுக்கு ஷிப்ட் என்றால் அம்மா போகலாம், பாட்டி போகலாம். படக்கதைப் புத்தகங்கள், சைகைப் பாடங்களைப் பார்க்க ஒரு திரை, சைகை சொல்லித்தர வரும் காது கேளாத பெரியவருக்கு மதிப்பூதியம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பெரிய லாபம் பார்க்கும் கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் சட்டம்தான். சிப்காட் தொழிற்பேட்டை நம் வாசலில் இருக்கிறது. அந்த உதவியை அரசுப் பள்ளிக்குக் கொண்டுசேர்க்க ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் 2022 முதல் இருக்கிறது. தலைமையாசிரியரோடு சேர்ந்து விண்ணப்பம் எழுத என்ன தயக்கம்?

எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிக்க வேண்டும் என்ற ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-இல் நம் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கியது. அந்த ‘எல்லா’வில் நம் பிள்ளையும் உண்டு.

ஆனால் எவ்வளவு மானியம் வந்தாலும் அது வகுப்பறையோடு நின்றுவிடும். வீட்டில் பேச்சுத்துணை நாம்தான். இந்திய சைகை மொழி அகராதியில் 10,000 சொற்கள் காணொளியாக, இலவசமாகக் கிடைக்கின்றன. இன்றிரவே பிள்ளையோடு உட்கார்ந்து பழகத் தொடங்குங்கள். அடுத்த குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள். நம் பிள்ளைகளின் தேவை தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.