திறக்க விடாத காருக்குச் சொந்தக்காரர் ஆர்?

மாமாவின் காரில் ரேடியோ பாடாது. பழுது எண்டு நினைக்க வேண்டாம். அது ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த நிசான் லீஃப். அந்தக் காலத்து ஜப்பான் கார் ரேடியோ 76இல் தொடங்கி 90இல் நின்றுவிடும். எங்கட எஃப்எம் நிலையங்களில் பெரும்பாலானவை 90க்கு மேலே. "இந்தக் காருக்கு எங்கட நாடு கேக்காது" எண்டு மாமா பகிடி விடுவார். திரை முழுக்க ஜப்பானிய எழுத்து. வரைபடம் ஜப்பானோடு முடிகிறது. சார்ஜ் கேபிளின் முனை எங்கட சுவரில் உள்ள எந்தப் பிளக்கிலும் பொருந்தாது.

ஆகவே இங்கே பழைய லீஃப் வாங்கின எல்லாரும், வாங்கின முதல் கிழமையே அதை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். பாண்ட் எக்ஸ்பாண்டர் ஒன்றைப் பூட்டி ரேடியோவை எங்கட நிலையங்களுக்குக் கொண்டுவருகிறார்கள். கேபிள் முனையை வெட்டி 15 அம்பியர் பிளக் போடுகிறார்கள். ஜப்பான் திரையைக் கழற்றி அண்ட்ரொய்ட் திரை வைக்கிறார்கள். 'மொடிஃபை' எண்டு சொன்னவுடனே எங்கட ஆக்களுக்கு ஞாபகம் வாறது சத்தம் போடுற சைலன்ஸரும் பளபளக்கிற ரிம்மும்தான். நான் கதைக்க வந்தது அதைப்பற்றி இல்லை. காசு குடுத்து வாங்கின பொருளைத் திறக்க, திருத்த, எங்கட வாழ்க்கைக்கு ஏற்ற மாதிரி மாற்ற எங்களுக்கு உரிமை இருக்கா இல்லையா எண்டதைப்பற்றி. இருக்கவேண்டும் என்பது என் கட்சி. அது இல்லாவிட்டால் நாங்கள் சொந்தக்காரர் இல்லை. முழுக் காசையும் முன்கூட்டியே கட்டின வாடகைக்காரர்.

"நீ ஆர்ட்ஸ் தானே, உனக்கேன் உந்தக் கதை?" எண்டு கேட்கிற நண்பர்களுக்குப் பதில் கடைசியில் இருக்கு. முதலில் பற்றரியின் கதை.

மாமா இருக்கிறது பருத்தித்துறையில். வேலை யாழ்ப்பாணத்தில். போய்வர 66 கிலோமீற்றர் அளவு. கார் வாங்கின புதிதில் போய்வந்து, இடையில் நெல்லியடிக்கும் ஒருக்கா ஓடலாம். பிறகு டாஷ்போர்டில் இருக்கிற 12 கட்டங்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. லீஃபின் பற்றரிக்கு நீர்க் குளிரூட்டல் இல்லை. எங்கட வெயிலில் அது வேகமாகக் கிழடாகும். கட்டம் எட்டுக்கு வந்த நேரம் 60 கிலோமீற்றரைத் தாண்டுறது கஷ்டமாப் போச்சு. மாமா யாழ்ப்பாணத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் பிளக்கைச் செருகிவிட்டு இரண்டு மணித்தியாலம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்பார். "கரண்டுக்கு உறவு கொண்டாடுற மனிசன்" எண்டு அன்ரி சொல்லுவா.

சேவை நிலையம் ஒன்றில் காட்டினார். பெயர் வேண்டாம். பத்து நிமிடத்தில் பதில்: "பற்றரி முழுசா மாத்தோணும்." சொன்ன விலை, அந்தப் பழைய காரை இன்றைக்கு விற்றால் வரக்கூடிய காசில் பெரும்பகுதி. "உள்ளுக்கு என்ன பழுது எண்டு பார்க்கேலாதோ?" எண்டு மாமா கேட்டார். "அது திறக்கிற சாமான் இல்லை ஐயா."

அது திறக்கிற சாமான்தான். லீஃபின் 24 யூனிற் பற்றரிக்குள் 48 பெட்டிகள் இருக்கின்றன. யூனிற் எண்டது மின்சாரசபை பில்லில் வாற அதே யூனிற்தான். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நாலு செல். மொத்தம் 192. இரண்டு இரண்டாகச் சோடி சேர்த்து, 96 சோடிகளை வரிசையாகத் தொடுத்திருக்கிறார்கள். வரிசை எண்டபடியால், ஒரு சோடி களைத்து விழுந்தால் மற்றவர்களிடம் பலம் இருந்தாலும் கார் நின்றுவிடும்.

வடமராட்சியில் ஒரு சின்னக் கராஜில் என் வயதுப் பெடியன் ஒருவன், தீப்பெட்டி அளவு புளூடூத் கருவி ஒன்றை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினான். போனில் 'லீஃப் ஸ்பை' எண்ட அப்பைத் திறந்தான். 96 கோடுகள் வரிசையாக நின்றன. மூன்று மட்டும் கட்டை. "தொண்ணூற்று மூண்டு பேர் நல்லா நிக்கினம் அங்கிள். மூண்டு பேர்தான் சாகக் கிடக்கினம். அதுக்கு எல்லாரையும் அடக்கம் செய்யச் சொல்லுறாங்கள்" எண்டான். விபத்தில் நசுங்கின இன்னொரு லீஃபில் இருந்து மூன்று பெட்டிகள் எடுத்து மாற்றினான். கார் புதிதாகிவிடவில்லை. கட்டம் இன்னும் எட்டுத்தான் காட்டுது. ஆனால் மாமா இப்போது தேத்தண்ணி குடிக்காமல் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்.

இந்த வேலை எங்கட ஊருக்குப் புதிதில்லை. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. ஒஸ்ரினும் மொறிசும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள். நான் அதைக் கண்ட ஆள் இல்லை, அம்மா சொல்லக் கேட்டதுதான். இதை ஒரு வீரக்கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. புகை குடித்து, எஞ்சினைக் கெடுத்து, வேறு வழியில்லாமல் செய்த வேலை அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த எஞ்சினைத் திறக்க முடிந்தது. மண்ணெண்ணெய் விடலாம் எண்டு எந்தக் கம்பனியும் அனுமதி தரவில்லை, எவரும் கேட்கவும் இல்லை. அந்த ஒஸ்ரினுக்குள் "அனுமதிக்கப்படாத எரிபொருள்" எண்டு சொல்லி நிற்கிற ஒரு கணினி இருந்திருந்தால் எத்தனை நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டார்கள்?

அந்தக் கணினி இப்போது வந்துவிட்டது. பிந்திய லீஃப்களில் காரின் கணினியும் பற்றரியும் ஒன்றையொன்று அடையாளம் வைத்திருக்கின்றன. வேறு லீஃபின் பற்றரியை அப்படியே தூக்கி வைத்தால் கார் ஏற்காது. கம்பனியின் கருவி வந்து இரண்டுக்கும் 'கலியாணம்' செய்து வைக்கவேண்டும். வெளிநாடுகளில் உள்ள லீஃப்காரர்கள் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். பழைய பற்றரியின் கட்டுப்பாட்டுப் பலகையைப் புதியதுக்குள் மாற்றிப் பூட்டினார்கள். காருக்கும் பற்றரிக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் மாதிரி ஒரு சின்னப் பலகையை வைத்து, பழைய காருக்குள் 40 யூனிற் பற்றரியைப் பொருத்தினார்கள். செய்முறையை எல்லாருக்கும் இலவசமாகவும் குடுத்தார்கள். ஆனால் வாங்கினவரே தன் காருக்குள் களவாகப் புக வேண்டியிருப்பது ஏன்?

மற்றக் கம்பனிகளையும் பாருங்கள். 2016இல் டெஸ்லா விற்ற ஒரு மொடல் எஸ் காருக்குள் 75 யூனிற் பற்றரி இருந்தது. ஆனால் மென்பொருள் 60ஐ மட்டும்தான் பாவிக்க விட்டது. மிச்சம் வேண்டுமென்றால் காசு. 2017 செப்ரெம்பரில் இர்மா சூறாவளி வந்தபோது, புளோரிடாவை விட்டு ஓடுகிறவர்களுக்காக அந்தப் பூட்டைக் கம்பனி தூரத்தில் இருந்தே தற்காலிகமாகத் திறந்துவிட்டது. பேப்பர்கள் பாராட்டின. எனக்கு அதைப் படிக்க முதுகு சில்லிட்டது. தூரத்தில் இருந்து திறக்கத் தெரிந்தவருக்குத் தூரத்தில் இருந்து பூட்டவும் தெரியும். 2022இல் பிஎம்டபிள்யூ, காரில் ஏற்கெனவே பூட்டியிருக்கிற சீற் ஹீற்றரைப் பாவிக்க சில நாடுகளில் மாதச் சந்தா கேட்டது. சனம் கத்தினபிறகு அடுத்த வருடம் கைவிட்டது. பிரித்தானியாவில் பழைய லீஃப்களின் போன் அப் சேவை 2024இல் நிறுத்தப்பட்டது. கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை வாங்கும்போது காசு குடுத்த ஒரு வசதி மட்டும் காணாமல் போனது.

எங்கட 2022க்கு வருவோம். கார் ஒன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் எண்டு கியூஆர் காட்டி வரிசையில் நின்ற வருடம். மார்ச் 31இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அன்றைக்கு மாமா லீஃபின் சின்ன 12 வோல்ற் பற்றரியில் இன்வேர்ட்டர் ஒன்றைக் கொழுவி ஒரு ஃபானும் இரண்டு லைற்றும் போட்டார். மாதம் 90 யூனிற் பாவிக்கிற வீட்டுக்கு ஒரு நாளைக்கு 3 யூனிற் போதும். முற்றத்தில் நின்ற காரின் பெரிய பற்றரியில், கிழண்டிப்போன நிலையிலும், மூன்று நாலு நாளைக்குக் காணுமான கரண்ட் இருந்தது. லீஃபில் இருந்து வீட்டுக்கு மின் எடுக்கிற கருவியை நிசான் ஜப்பானில் 2012இலேயே விற்கத் தொடங்கிவிட்டது. அதே கார் எங்கட முற்றத்துக்கு வந்தபோது அந்த வசதி கூட வரவில்லை. நாங்கள் 12 வோல்ற்றில் இருந்து சொட்டுச் சொட்டாக உறிஞ்சினோம்.

அரசாங்கத்துக்கு இதெல்லாம் கண்ணில் படுகிறதா? 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீ லங்கா' எண்டு சொல்லிக்கொண்டு பொலிஸ் வீதிக்கு இறங்கினது. பஸ்ஸிலும் ஓட்டோவிலும் பூட்டியிருந்த மேலதிக சாமான்களைக் கழற்றச் சொன்னது. ஆபத்தான சில இருந்தன, அவை கழற்றப்படத்தான் வேணும். அடுத்த மாதமே, 2020 மார்ச்சில் மூடின தனியார் வாகன இறக்குமதி திறந்தது. மென்பொருளால் நிறைந்த புதுக் கார்கள் கப்பலில் வந்திறங்கின. அவற்றுக்கு என்ன வரி எண்டு கேட்டார்கள். பற்றரி உத்தரவாதம் முடிந்தபிறகு இதை ஆர் திறக்கலாம், எந்தக் கருவியால், அந்தத் தகவல் எங்கே கிடைக்கும் எண்டு எந்த அமைச்சராவது கேட்டதை நான் கேள்விப்படவில்லை. ஓட்டோக்காரர் பூட்டின அலங்கார லைற் குற்றம். கம்பனி பூட்டின பூட்டு தொழில்நுட்பம்.

"ஆபத்து, அதால்தான் திறக்க வேண்டாம் எண்டுறம்" எண்டு கம்பனிக்காரர் சொல்லுவினம். ஆபத்து உண்மை. லீஃபின் பற்றரி 360 வோல்ற் நேரோட்ட மின்சாரம். பிழையாகத் தொட்டால் ஆள் முடிஞ்சுது. அந்தப் பெடியன் வேலை தொடங்க முதல், பின்சீற் காலடியில் கார்ப்பெற்றுக்குக் கீழே இருக்கிற மின் துண்டிக்கிற பிளக்கைக் கழற்றித் தன் பொக்கற்றுக்குள் போட்டான். பத்து நிமிடம் ஒன்றையும் தொடவில்லை. பிறகு தடிச்ச ரப்பர் கையுறை. அதையெல்லாம் அவன் படித்தது இங்கிலீஷ் வீடியோக்களில், பாதி விளங்கி பாதி விளங்காமல். எனக்குப் பயமே அந்தப் பாதியில்தான். வேலையை ஒளித்து வைத்தால் வேலை நிற்காது. அரைகுறை அறிவோடு, கையுறை இல்லாமல், பின் வளவில் நடக்கும். ஆபத்துக்கு மருந்து பயிற்சி. பூட்டு அல்ல.

அடுத்தது எங்கட ஆக்களிடம் இருந்து வாற கேள்வி. "பஸ்ஸே ஒழுங்கா இல்லாத ஊரில வசதியானவையின்ர காரைப்பற்றிக் கதைக்கிறியா?" பஸ் வேணும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நாளைக்கு வாற மின் பஸ்ஸிலும் மின் ஓட்டோவிலும் இருக்கப்போறது இதே பூட்டுத்தான். எங்கட ஓட்டோக்காரர் அனேகம் பேர் சின்னப் பழுதைத் தாங்களே கழற்றிப் பார்க்கிற ஆக்கள். லீசிங்கில் எடுத்த ஓட்டோ ஒரு நாள் நின்றால் அன்றைய கட்டுக்காசு இல்லை. அவருடைய அடுத்த ஓட்டோவை ஒரே ஒரு கம்பனி மட்டும்தான் திறக்கலாம் எண்டு வந்தால் அவர் என்ன செய்வார்? மாமாவுக்குப் போனது இரண்டு மணித்தியாலமும் கொஞ்சத் தேத்தண்ணியும்தான். ஓட்டோக்காரருக்குப் போறது சோறு.

நான் கேட்கிறது ஒண்டும் பெரிய புரட்சி இல்லை. ஒன்று: கம்பனியின் சேவை நிலையத்துக்குக் கிடைக்கிற பழுது பார்க்கும் தகவல், நியாயமான விலையில் எந்தக் கராஜுக்கும் கிடைக்கவேண்டும். அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலம் 2012இலேயே இதற்குச் சட்டம் போட்டது. 2020இல் திரும்ப வாக்கெடுத்து நாலில் மூன்று பங்கினர் அதை விரிவாக்கச் சொன்னார்கள். இரண்டு: பாவித்த மின்காரை விற்கிறவர் பற்றரியின் உடல்நிலையை எழுத்தில் தரவேண்டும். 2027 பெப்ரவரியில் இருந்து மின்வாகனப் பற்றரிக்கு இலத்திரனியல் கடவுச்சீட்டு வேண்டும் எண்டு ஐரோப்பிய ஒன்றியம் சொல்லியிருக்கு. எங்கட நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் 2003இல் எழுதினது. அப்போது லீஃப் பிறக்கவே இல்லை. மூன்று: உயர் மின்னழுத்தப் பயிற்சி தொழில்நுட்பக் கல்லூரிகளில் தமிழில் வேண்டும்.

ஆர்ட்ஸ்காரருக்கு இதில் என்ன வேலை எண்டு கேட்டீர்களே. அந்த மூன்றாவதுதான். அந்தப் பெடியன் பாதி விளங்கிப் பார்த்த வீடியோவைத் தமிழில் முழுதாக எழுதுறது எங்கட வேலை. நானும் இரண்டு நண்பர்களும் அவனோடு இருந்து தொடங்கியிருக்கிறோம். இதுவரை ஆறு பக்கம். முதல் பக்கம் கையுறையைப் பற்றி.

அதுவரைக்கும், உங்கட வீட்டில் மின்கார் வாங்கப் போகிறார்கள் என்றால், நிறத்தைக் கேட்க முதல் விற்கிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பற்றரியில் ஒரு பெட்டி பழுதானால் அதை மட்டும் மாற்றலாமா? உங்களைத் தவிர வேறு ஆர் அதை மாற்றலாம்? உங்கட கம்பனி நாளைக்கு இந்த நாட்டை விட்டுப் போனால் இந்தக் கார் ஸ்டார்ட் ஆகுமா? பதில் சொல்லாமல் நிறத்தைப்பற்றிக் கதைக்கத் தொடங்கினால், எழும்பி வாருங்கள்.