கைநாட்டு வைத்த தாளை எங்கே போய்ப் பார்ப்பது?

சிவில் வழக்கில் சாட்சிக் கூண்டு ஏறுவதற்கு முன்பே ஒரு சண்டை நடக்கிறது. எதிர்த்தரப்பு கையில் இருக்கும் ஆவணத்தை எங்கே போய்ப் பார்ப்பது என்பதே அது.

கெடாவில் தோட்டம் விற்கப்பட்டபோது வீடு தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை என்று ஒரு மூதாட்டி சுங்கை பட்டாணியில் வழக்குத் தொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "பணம் வாங்கிக்கொண்டு வீடு வேண்டாம் என்று கைநாட்டு வைத்துவிட்டார்" என்கிறது நிறுவனத்தின் எதிர்வாதம். தாள் கோலாலம்பூர் தலைமையகத்தில் இருக்கிறதாம், வந்து பார்த்துக்கொள்ளலாமாம்!

நகல் போதாதா என்று கேட்கலாம். நகலில் கைநாட்டு கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். ரேகை யாருடையது, தேதியைத் திருத்தியிருக்கிறார்களா என்பதெல்லாம் அசலைப் பார்த்தால்தான் விளங்கும்.

2012 நீதிமன்ற விதிமுறைகளின் 24ஆவது ஆணை இதற்கு வழி சொல்கிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் முதல் உயர் நீதிமன்றம் வரை இதே விதிதான். எதிர்வாதத்திலோ சத்தியப் பிரமாணத்திலோ ஓர் ஆவணத்தைக் குறிப்பிட்டவரிடம், அதைக் காட்டும்படி நோட்டீஸ் அனுப்பலாம். அவர் 4 நாள்களுக்குள் பதில் நோட்டீஸ் கொடுத்து, அடுத்த 7 நாள்களுக்குள் ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். இடத்தை முதலில் சொல்பவர் அவர்தான். ஆனால் முடிவு அவருடையது அல்ல. அந்த நேரமோ இடமோ நியாயமற்றது என்று நீதிமன்றம் கருதினால், வேறு நேரத்தில், வேறு இடத்தில் காட்டும்படி உத்தரவிடலாம். அதற்கு மனுச் செய்ய வேண்டும். கேட்காதவருக்கு யாரும் தாளைக் கொண்டுவந்து காட்டப் போவதில்லை.

நிறுவனத் தரப்பிலும் நியாயம் உண்டு. அன்றாடம் புழங்கும் கணக்குப் புத்தகங்களை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. வழக்கை நியாயமாக முடிக்கவோ செலவைக் குறைக்கவோ தேவை என்று தெரிந்தால்தான் நீதிமன்றமும் உத்தரவிடும். ஆனால் ஒரே ஒரு தாளைச் சுங்கை பட்டாணியில் உள்ள ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அனுப்பி வைப்பதில் என்ன சிரமம்?

பயணச் செலவுக்கு அஞ்சிப் பார்க்காமலே விட்டுவிடுவதுதான் ஆபத்து. விசாரணைக்கு முன் ஆவணங்களை மூன்று பகுதிகளாகப் பிரிப்பார்கள். இரு தரப்பும் முழுமையாக ஒப்புக்கொண்டவை 'ஏ'. தாள் உண்மையானது, ஆனால் அதில் எழுதியிருப்பதை ஏற்கவில்லை என்றால் 'பி'. தாளே உண்மையா என்று சந்தேகித்தால் 'சி'. 'சி' என்றால் அதைத் தயாரித்தவரைச் சாட்சியாக அழைத்து நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மேல் விழும். அசலைக் காணாமலே 'பி'க்குத் தலையாட்டிவிட்டால், அது என் கைநாட்டு இல்லை என்று பிறகு சொல்வது மிகக் கடினம்.

ஆகவே முதல் வழக்கு நிர்வாகத் தேதியிலேயே வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அசலை யார் பார்த்தது, எங்கே பார்த்தது?