"பாதுகாப்பானது" சரிங்க, சோதனை முடிவு எங்கே?

அருப்புக்கோட்டையில் தண்டவாளம் பற்றவைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இரும்பு ஆக்சைடும் அலுமினியப் பொடியும் கலந்து கொளுத்துவார்கள். கொஞ்ச நேரத்தில் இரும்பு குழம்பாய் ஒழுகும். பெயர் தெர்மிட். அணுஉலைப் பாதுகாப்பைச் சோதிக்கவும் இதே வகைக் கலவைதான் என்று படித்ததும், காமர்ஸ் படிக்கிற எனக்கே ஆர்வம் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். குளிர்விக்கும் வழியெல்லாம் அடைபட்டால் உலைக்குள் எரிபொருள் உருகும். அப்போது உள்ளே அழுத்தம் இறங்காமலிருந்து கலத்தின் அடிப்பாகம் ஓட்டையானால், குழம்பு பீய்ச்சி அடிக்கும். துளித்துளியாகச் சிதறி, வெளியே உள்ள கான்கிரீட் கூடத்தின் காற்றைச் சட்டென்று சூடாக்கும். ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும், அழுத்தம் எகிறும். கதிரியக்கத்துக்கும் நமக்கும் நடுவே உள்ள கடைசிச் சுவர் அந்தக் கூடம்தான்.

1979 த்ரீ மைல் ஐலண்ட் விபத்துக்குப் பிறகு அமெரிக்கர்கள் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். 1990-களில் சாண்டியா ஆய்வுக்கூடத்தில் பத்தில் ஒரு பங்கு மாதிரி கட்டி, தெர்மிட் குழம்பை நீராவியால் பீய்ச்சினார்கள். பயந்த அளவுக்கு ஆகவில்லை. குறுக்கே இருந்த அறைகளும் சுவர்களும் பெரும்பகுதியைத் தடுத்துவிட்டன. ஆனால் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ சோதனைகள் இன்னொன்றையும் காட்டின: உலைக்குழியின் அமைப்பு மாறினால் முடிவும் மாறும்.

ஆகவே "அமெரிக்காவில் தேறியாச்சு" என்ற பதில் கூடங்குளத்துக்குச் செல்லாது. அங்கே இருப்பது ரஷ்ய வி.வி.இ.ஆர்-1000. வேலை செய்யும்போது உள்ளழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 150 மடங்குக்கும் மேல். "அடியில் கோர் கேட்சர் இருக்கே" என்பார்கள். இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அது ஒழுகி விழுவதைப் பிடிக்கிற சட்டி. அழுத்தத்தை முதலில் இறக்கினால்தான் நினைத்தபடி பிடிக்கும். இறக்காவிட்டால் என்ன ஆகும், எந்த அளவு மாதிரியில் பார்த்தார்கள், எவ்வளவு அழுத்தம் ஏறியது? இதைத் தமிழில் நாலு பக்கம் எழுதி ஊர் மக்கள் கையில் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

கூடங்குளத்தின் பாதுகாப்பு ஆய்வு அறிக்கையைக் கேட்டவர்கள் மத்திய தகவல் ஆணையம் வரை போக வேண்டியிருந்தது. 2012 ஏப்ரலில் ஆணையம் "கொடு" என்று உத்தரவிட்டது. கேட்காமலே கொடுத்திருக்க வேண்டியது அது.

'எல்லாம் வெடிக்கும்' என்று கத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை: சாண்டியா முடிவு உங்களுக்கும் சாதகமில்லை. சோதனை யார் பக்கமும் பேசாது, அதனால்தான் அது வேண்டும்.

எங்கள் பாடத்தில் முதல் வருஷமே சொல்லித் தருவது: லாபம் என்று முதலாளி வாயால் சொன்னால் போதாது, கணக்குப் புத்தகத்தைக் காட்டணும். பெட்டிக்கடைக்கே அந்தச் சட்டம் என்றால், அணுஉலைக்கு வேண்டாமா?