மீன் தொட்டியில் புழுவா? மருந்தைத் தேடாதீங்க, தீனியைக் குறைங்க



நெல்லு, மல்லாட்டை, கறவை மாடுன்னு எழுதுற இந்தப் பக்கத்துல இன்னைக்கு கண்ணாடித் தொட்டி மீனைப் பத்தி எழுதுறேன். காரணம் இருக்கு. திருவண்ணாமலை டவுன்ல இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுலயும் சரி, எங்க ஊர்லயும் சரி, பிள்ளைங்க கலர் மீன் வளர்க்க ஆரம்பிச்சிட்டாங்க. கொஞ்ச நாள்ல அவங்க கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "தொட்டியில வெள்ளையா நூல் மாதிரி புழு நெளியுது, என்ன மருந்து ஊத்தலாம்?"

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். மருந்து வேண்டாம். அந்தப் புழு நோய் இல்ல. தொட்டியில தீனி மிஞ்சிக் கிடக்குதுங்கிறதுக்கு அது அடையாளம்.

கூழாங்கல் இடுக்குல, கண்ணாடி ஓரத்துல மயிர் மாதிரி மெல்லிசா நெளியுற அந்தப் புழு, நம்ம மண்புழுவோட சொந்தம். மீன் தின்னாம விட்ட தீனி, மீன் கழிவு, அழுகின செடி இலை, இதுதான் அதுக்குச் சாப்பாடு. மீனைக் கடிக்காது, ரத்தம் உறிஞ்சாது. மீனுங்களே இதைப் பிடிச்சுத் தின்னும். மீனுக்குத் தீனின்னு கடையில டியூபிஃபெக்ஸ் புழு விக்கிறாங்களே, அதுவும் இந்த வகையறாதான். குப்பைக்குழியில மண்புழுவைப் பாத்தா சந்தோஷப்படுறோம். தொட்டியில அதே வேலையைச் செய்யுற புழுவைப் பாத்தா மட்டும் ஏன் பதறணும்?

"அப்போ கூட்டம் கூட்டமா கண்ணாடியில ஏறுதே"ன்னு கேப்பீங்க. தீனி மிஞ்ச மிஞ்ச புழு பெருகும். அடியில அழுகல் கூடினா பிராணவாயு குறையும், புழு மேல ஏறி வரும். அதே அழுகல்ல இருந்து அம்மோனியாவும் வருது. மாட்டுக் கொட்டகையில மூத்திரம் தேங்கினா மூக்குல ஏறுமே, அதுதான். மீனைக் கொல்றது அந்த அம்மோனியா, புழு இல்ல.

நம்ம ஊர் கோயில் ஊர். குளத்து மீனுக்குப் பொரி போட்டா புண்ணியம்னு வளந்தவங்க நாம. ஆனா இருபது லிட்டர் தொட்டி குளம் ஆகாது. தங்க மீனுக்கு நம்மள மாதிரி இரைப்பையே கிடையாது. எப்போ போய் நின்னாலும் வாயைத் திறந்துக்கிட்டு மேல வரும். அதைப் பசின்னு நினைச்சு தாத்தா ஒரு சிட்டிகை, பாட்டி ஒரு சிட்டிகை, பேரன் ஒரு சிட்டிகை. பாசத்துல போடுறதுதான், ஆனா தின்னது போக மிச்சமெல்லாம் அடியில அழுகுது.

என் அக்கா பேரன் இப்படித்தான் ஒரு கடையில கேட்டு மருந்து பாட்டில் வாங்கி ஊத்தினான். புழு ஒரே ராத்திரியில செத்துச்சு. செத்த புழு அத்தனையும் கல்லுக்கு அடியிலயே அழுகிச்சு. மூணாம் நாள் ரெண்டு மீன் மிதந்துச்சு. புள்ளை சாப்பிடாம அழுதான். மறுபடி கேக்கப் போனா இன்னொரு பாட்டிலைக் காட்டினாங்களாம்.

சில பேரு ஆட்டுக்கும் மாட்டுக்கும் குடற்புழுவுக்குக் குடுக்குற ஃபென்பெண்டசோலைத் தொட்டியில போடுறாங்க. புழு சாகும், சில வகை நத்தையும் சேர்ந்து சாகும். பாசிக்குன்னு மயில்துத்தம் போடுறவங்களும் உண்டு. செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் விஷம், அளவு மீறினா மீனுக்கும்தான்.

செய்ய வேண்டியது செலவில்லாத வேலை. ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவுதான் தீனி. வளந்த மீனுக்கு வாரத்துல ஒரு நாள் பட்டினி போட்டாலும் ஒண்ணும் ஆகாது. வாரம் ஒரு தடவை டேங்க்ல இருந்து டீசல் இழுக்குற மாதிரி டியூபை வெச்சு, கல்லு இடுக்குல இருக்கிற அழுக்கோட கால்வாசித் தண்ணியை எடுங்க. நகராட்சிக் குழாய்த் தண்ணியா இருந்தா குளோரின் இருக்கும். வாளியில ஒரு நாள் திறந்து வெச்சுட்டு ஊத்துங்க.

எல்லாத்தையும் வெளிய கொட்டி சோப்பு போட்டுக் கழுவாதீங்க. அம்மோனியாவைத் தின்னு மாத்துற நல்ல கிருமிங்க கல்லுலயும் ஃபில்டர் பஞ்சுலயும்தான் ஒட்டியிருக்கும். உறை மோரைக் கொட்டிட்டா மறுநாள் தயிர் ஏது? பஞ்சைத் தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலயே அலசிப் பிழிஞ்சா போதும். கொஞ்ச வாரத்துல புழு தானா குறையும்.

ஒரு எச்சரிக்கை. தலை முக்கோணமா, ரெண்டு கண்ணுப் புள்ளியோட, தட்டையா கண்ணாடியில வழுக்கிப் போனா அது வேற சாதி, பிளனேரியா. அது இறால் குஞ்சையும் முட்டையையும் தின்னும். நசுக்கி வெட்டினா துண்டு துண்டா வளரும். சின்ன டப்பாவுல ஓட்டை போட்டு, உள்ள ஒரு துண்டு கறி வெச்சு ராத்திரி இறக்கி, காலையில புழுவோட வெளிய எடுங்க. அதுக்கும் தீனியைக் குறைக்கிறதுதான் முதல் வைத்தியம். மீன் உடம்புல நூல் தொங்கினாலோ, ஆசனவாயில சிவப்பா புழு நீட்டினாலோ அது நிஜமாவே நோய். அப்போ விவரம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டி மருந்து போடுங்க.

வயல்லயும் இதையேதான் பாக்குறேன். ஒரு பூச்சி கண்ணுல பட்டதும், அது நல்லதா கெட்டதா, ஏன் வந்துச்சுன்னு கேக்காம குருணை மருந்தைத் தூவுறோம். மண்புழு போயிடுது, மண்ணு இறுகிடுது. ஒரு தொட்டியை வெச்சே பிள்ளைங்களுக்கு வேற பழக்கத்தைக் கத்துக் குடுக்கலாம். புழு தெரிஞ்சா கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி, எவ்வளவு தீனி போட்டோம்னு எண்ணச் சொல்லுங்க.

மருந்து ஊத்தாத தொட்டியில இருந்து எடுக்கிற அழுக்குத் தண்ணி நல்ல உரம். சாக்கடையில விடாதீங்க. வாசல்ல இருக்கிற கறிவேப்பிலைக்கும் தக்காளிக்கும் ஊத்துங்க.