எஞ்சிய துண்டுகள்

அமெரிக்காவில் அலபாமா மாகாணத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் கறுப்பினப் பெண்மணிகள், முன்வரைந்த மாதிரியின்றி ஒட்டுப்போர்வை தைப்பதிற் பேர்பெற்றவர்கள். 1972-ல் சியர்ஸ் கம்பெனிக்கென அவ்வட்டாரத்தில் தலையணையுறை தைக்கத் தொடங்கியபின், மீந்த கார்டுராய்த் துண்டுகளும் போர்வைகளாயின. இருந்த துணியே வடிவை வகுத்தது. 2002-ல் அவ்வூர்ப் போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலைக் காட்சிசாலையில் வைக்கப்பெற்றன.

ஒட்டுத்தையல் பயில்வோர் பலர், மேற்புறம் முடிந்ததும் மீந்த கட்டங்களைப் பெட்டியிலிட்டுப் புதுத்துணி வாங்கப் புகுகின்றனர். இது தகாதென்பதே எம் கருத்து. அக்கட்டங்களைப் பின்புறத்திற் பட்டையாக இணைக்கலாம். அளவு குறையின் கீற்றுச் சேர்க்கலாம், மிகின் வெட்டலாம். ஒழுங்கு கெடுமென அஞ்சுவோர்க்கு ஜீஸ் பெண்டே விடை.

மூன்றடுக்கும் சேர்த்துத் தைத்து ஓரங்கட்டாத வேலை, எத்துணை அழகாயினும் எவர் குளிரையும் போக்காது. ஆதலின் அன்பர்களே, புதியது தொடங்குமுன் கையிலுள்ளதை முடிப்பீராக!