கல் சுமக்க நாம், படம் போட அவர்களா?

மன்னார்குடி மதிலழகு என்று சொல்வார்கள். ராஜகோபாலசுவாமி கோயில் மதிலைப் பார்க்காதவர் இந்தத் தாலுகாவில் இருக்க முடியாது. கட்டுவித்த ராஜாக்களின் பெயரைக் கேளுங்கள், வரிசையாகச் சொல்வார்கள். கல் சுமந்தவன் யார், சாந்து குழைத்தவள் யார் என்று கேளுங்கள். பதில் வராது.

அது பழைய கதை, போகட்டும். இன்றைய கதைக்கு வருவோம்.

கோட்டூர் பக்கத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிற தோழர் ஒருவரின் மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க்கு வாங்கினாள். சிறு வயதிலிருந்தே படம் போடுகிற கை. கட்டிடக் கலை படிக்கப் போகிறேன், பி.ஆர்க். சேரப் போகிறேன் என்றாள். அவ்வளவுதான், ஊர்ப் பெரிய மனிதர்கள் உபதேசம் செய்யக் கிளம்பி விட்டார்கள். “என்னப்பா இது, அது பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற படிப்பு. அஞ்சு வருஷம் இழுக்கும். உனக்குக் கட்டுப்படி ஆகுமா? பேசாமல் வேறே எதிலாவது சேர்த்து விடு” என்றார்கள்.

தோழர்களே, இது உபதேசம் அல்ல, வேலி. வரப்பில் நடக்காதே என்றவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது மரியாதையாகப் பேசக் கற்றுக் கொண்டிருக்கிறார்கள். விஷயம் அதேதான்: கல் சுமக்கலாம், சித்தாள் வேலை பார்க்கலாம், சாரத்தில் ஏறி விழுந்தும் சாகலாம். கல் எங்கே வைக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற மேஜைக்கு மட்டும் வரக் கூடாது!

பெண் சேர்ந்து விட்டாள். இப்போது இரண்டாம் வருஷம். அறுப்பு லீவில் வந்திருந்தபோது அவள் சொன்னதைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் படிப்பின் விவரம். எஞ்சினியர் படிப்பு நாலு வருஷம், இது ஐந்து வருஷம். கட்டிடக் கலைஞர் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக் கொள்ள வேண்டுமானால், 1972ம் வருஷத்துச் சட்டப்படி கட்டிடக் கலைக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். படிப்பில் சேர நாட்டா என்று ஒரு பரீட்சை. இதை ஒரே வருஷத்தில் ஒரு தடவைக்கு மேல் எழுதலாம்; நல்ல மார்க்கை எடுத்துக் கொள்வார்கள். ஆனால் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் கட்ட வேண்டும். அதாவது, காசுள்ளவனுக்கு மறு வாய்ப்பு உண்டு, இல்லாதவனுக்கு ஒரே வாய்ப்பு. பாலிடெக்னிக்கில் கணிதத்தோடு மூன்று வருஷ டிப்ளோமா முடித்த பிள்ளைகளும் சேரலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள்.

சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியல் முதலிய தொழிற்கல்விகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்க 2021ல் சட்டம் வந்தது. அப்படிச் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தைச் சர்க்கார் ஏற்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் இந்தப் படிப்பில் கட்டணம் என்பது வாசற்படி மட்டுமே. உள்ளே போன பிறகு வாரா வாரம் படத்தாள், மாடல் செய்ய அட்டை, பால்சா மரம், பசை, வெட்டுக் கத்தி, அகலத் தாளில் பிரிண்ட், வெளியூர்க் கட்டிடங்களைப் பார்த்துவரச் சுற்றுப்பயணம். இதற்கெல்லாம் எந்த உபகாரச் சம்பளத்திலும் தனிப் பத்தி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே லாப்டாப். சாதாரண லாப்டாப் இந்த வேலைக்கு உதவாது. அறுபதாயிரம் ரூபாயாவது எடுத்து வைக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். 2025-26ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குச் சட்டப்படிக் கூலி நாளுக்கு 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, அளவு குறைந்தது என்று பிடித்தம் போகாமல் முழுக் கூலியும் கைக்கு வந்தால் 33,600 ரூபாய். அப்படி வந்ததை யார் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். அந்தத் தாயார் ஏறக்குறைய இரண்டு வருஷக் கூலியை ஒரு பைசா தொடாமல் வைத்தால்தான் மகளுக்கு ஒரு பெட்டி வாங்க முடியும். பணக்காரப் படிப்பு என்று அந்தப் பெரிய மனிதர் சொன்னது பொய் அல்ல. பணக்காரப் படிப்பாக அதை வைத்திருப்பவர்கள் யார் என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

காசைக் கூட எப்படியோ புரட்டி விட்டார்கள். பெண்ணை வாட்டுவது வேறு ஒன்று. “தோழர், சமர்ப்பிக்கிற வாரத்தில் ராத்திரி ரெண்டு மணிக்கு முன்னாடி படுத்ததே இல்லை. சில நாள் படுக்கவே இல்லை” என்றாள். ஏன் என்று கேட்டேன். “இந்தப் படிப்புன்னா அப்படித்தான் இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க.”

மில் தோழர்களுக்கு ராத்திரி ஷிப்டு என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. நூல் அறுந்தால் கண் தெரியாமல் கை போய் மாட்டுகிற நேரம் அது. அதனால்தான் எட்டு மணி நேரத்துக்காகச் சண்டை போட்டோம். வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் என்றால் இரட்டைக் கூலி என்று 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் எழுத வைத்தோம். படித்தவர்கள் உலகத்திலோ, விழித்திருப்பது ஒரு பட்டம்! எத்தனை ராத்திரி தூங்கவில்லை என்று மூத்த மாணவர்கள் இளையவர்களிடம் பெருமை அடிக்கிறார்கள். படிப்பில் தேறுவதற்கு யோசனை சொல்கிறவர்களும் “சகித்துக்கொள், எல்லோரும் இப்படித்தான் வந்தோம்” என்கிறார்கள்.

இந்தப் பழக்கத்தால் லாபம் யாருக்கு? படிப்பின் நடுவே ஒரு பருவம் கட்டிடக் கலை அலுவலகத்தில் பயிற்சி செய்ய வேண்டும். சம்பளமே தராத இடங்கள் உண்டு. பஸ் சார்ஜுக்குக் காணாத தொகை தருகிற இடங்களும் உண்டு. மூன்று வருஷம் தூங்காமல் பழகிய பிள்ளை, அங்கே ராத்திரி பத்து மணிக்கும் எழுந்து போகத் தயங்கும். கேட்காமலே ஓவர்டைம் செய்கிற தொழிலாளியைக் கல்லூரியே பழக்கி அனுப்புகிறது. இதைவிட முதலாளிக்கு என்ன வேண்டும்?

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. அமெரிக்காவில் தூக்கமில்லாமல் கார் ஓட்டிச் சென்ற கட்டிடக் கலை மாணவர் ஒருவர் விபத்தில் இறந்தார். அதன் பிறகு அந்த நாட்டு மாணவர் சங்கம் ஒரு குழு போட்டு, 2002ல் அறிக்கை வெளியிட்டது. ராத்திரி விழிப்பைப் பெருமையாக்குகிற வழக்கத்தையே அது குற்றம் சாட்டியது. பிரிட்டனில் 2019ல் கட்டிடக் கலைத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று சங்கப் பிரிவு அமைத்தார்கள். 2022ல் நியூயார்க்கில் பெர்ன்ஹைமர் என்ற கட்டிடக் கலை அலுவலகத்தில் சங்கம் அங்கீகாரம் பெற்றது. கழுத்துப் பட்டி கட்டியவர்களுக்கும் கடைசியில் நம்முடைய மருந்துதான் தேவைப்பட்டது!

ஆகவே அந்தப் பெண்ணுக்கு நான் சகித்துக்கொள் என்று சொல்லவில்லை. ஐந்து பேர் சேருங்கள் என்றேன். ஐந்து பேருக்கு இரண்டு நல்ல லாப்டாப் போதும், முறை வைத்துக் கொண்டால். கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையை மாலை ஆறு மணிக்குப் பூட்டாதே என்று ஐந்து பேராகப் போய்க் கேட்கலாம்; ஒருத்தி கேட்டால் அடங்காப்பிடாரி என்பார்கள். பிளெண்டர், லிப்ரிகேட் போன்ற மென்பொருள்கள் யாருக்கும் இலவசம். ஆட்டோகேட் கம்பெனியும் மாணவர்களுக்குக் காசில்லாமல் தருகிறது. பயிற்சி மாடலுக்கு ஜவுளிக்கடை அட்டைப் பெட்டி போதும், பால்சா வேண்டாம். வேலையைக் கடைசி ராத்திரிக்குத் தள்ளாமல், அரைகுறையாக இருக்கும்போதே வாரத் தொடக்கத்தில் ஆசிரியரிடம் காட்டிவிடு. திருத்தம் அப்போதே வந்தால் மாடலை இரண்டாம் தடவை செய்கிற செலவு மிச்சம். ராத்திரி பதினோரு மணிக்குக் கத்தியைக் கீழே வை. தூக்கக் கலக்கத்தில் அட்டை வெட்டி விரலை வெட்டிக் கொண்ட பிள்ளைகள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு.

இன்னொன்று ஜூரி. பெயரைக் கேட்டால் கொலைக் கேஸ் போல இருக்கிறது. மாணவர் தன் படத்தைச் சுவரில் மாட்டி, ஆசிரியர்கள் முன்னால் நின்று விளக்க வேண்டும். முதல் ஜூரியில் இந்தப் பெண்ணின் மாடலை ஒருவர் கையில் எடுத்து, “இது என்ன கோழிக்கூடா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாராம். மற்றவர்கள் சிரித்தார்களாம். அவளுக்குப் பதில் தெரியும். ஆங்கிலம்தான் தொண்டையில் நின்று விட்டது. தமிழிலேயே சொல் என்றேன். கட்டிடம் நிற்பது ஆங்கிலத்தால் அல்ல. தொழில் வார்த்தைகள் இருநூறை மனப்பாடம் செய்தால் மீதியைத் தமிழில் சொல்லி விடலாம். சாரம், சட்டம், உத்திரம், தூலம், முகப்பு என்று நம்மிடம் இல்லாத வார்த்தையா? ஆங்கிலம் போகப் போக வரும். குடிசைக்குள் புகை எந்தப் பக்கம் போகும், ஐப்பசி மழையில் எந்தச் சுவர் முதலில் ஊறும் என்பது அந்த ஜூரியில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சோவியத் நாட்டில் 1920ல் மாஸ்கோவில் வ்குதெமாஸ் என்ற கலை, கட்டிடத் தொழில் கல்லூரியைத் திறந்தபோது, தொழிலாளர்களும் விவசாயிகளும் நுழைவுக்குத் தயாராவதற்கென்று தனிப் பிரிவே வைத்தார்கள். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். மன்னார்குடியில் சங்கக் கட்டிடம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நாட்டாவுக்குப் படம் போடச் சொல்லிக் கொடுக்க முடியாதா? அந்தப் பெண்ணே லீவில் சொல்லிக் கொடுக்கத் தயார் என்கிறாள்.

இவ்வளவு பாடுபட்டு இந்தப் படிப்பு எதற்கு என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். கீற்றும் மூங்கிலும் தவிர வேறு வீடு நமக்கு அன்று இருந்ததில்லை. குடியிருந்த மனையே நம்முடையதாக ஆனது 1971ம் வருஷத்துக் குடியிருப்புச் சட்டத்துக்குப் பிறகுதான். 2018 நவம்பர் 16ல் கஜா புயல் வந்தபோதும், இந்தப் பக்கத்தில் கூரையைப் பறிகொடுத்தவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது கலைஞர் கனவு இல்லத் திட்டம் 360 சதுர அடிக்கு மூன்றரை லட்சம் தருகிறது. வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அந்த 360 அடியில் நெல் மூட்டை எங்கே, ஆடு எங்கே, மழை நாளில் அடுப்பு எங்கே, சித்திரை வெயிலில் காங்கிரீட் தளத்துக்குக் கீழே கைக்குழந்தை எங்கே படுக்கும் என்று படம் போட்டவர் யாரிடமாவது வந்து கேட்டாரா?

கேட்டுக் கட்டியவர் ஒருவர் உண்டு. லாரி பேக்கர் 1945ல் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்தவர். மலையூர் ஜனங்கள் தங்கள் வீடுகளைக் கட்டுகிற முறையைப் பார்த்துத் தொழில் கற்றேன் என்று சொன்னவர். செங்கலைப் படுக்க வைக்காமல் நெட்டாக நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுகிற எலிப்பொறிக் கட்டில் கால் பங்கு செங்கல் மிச்சம். வெயிலும் உள்ளே இறங்காது. தளத்தில் காங்கிரீட்டுக்கு வேலை இல்லாத அடிப்பாகத்தில் பழைய ஓட்டைப் பதித்துச் சிமெண்டை மிச்சப்படுத்தினார். கேரளத்தில் கம்யூனிஸ்ட் முதல் மந்திரியாக இருந்த தோழர் அச்சுத மேனன், பதவியை விட்ட பிறகு, 1985ல் பேக்கரோடும் மற்றவர்களோடும் சேர்ந்து திருச்சூரில் காஸ்ட்ஃபோர்டு என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். ஏழைக்குக் குறைந்த செலவில் நல்ல வீடு கட்டுவதே அதன் வேலை.

லீவு முடிந்து போகுமுன் அந்தப் பெண் அளவு நாடாவை எடுத்துத் தன் வீட்டையே அளந்தாள். கல்லூரியில் கொடுத்திருக்கிற அடுத்த வேலை, விவசாயத் தொழிலாளிக்கு ஒரு வீடு. அடுப்படிக்கு ஆறுக்கு நாலு என்று குறித்துக் கொண்டிருந்தாள். தாயார் எட்டிப் பார்த்தார். “நாலு பத்தாதுடி” என்று சொல்லி, முறத்தை எடுத்துக் கொண்டு தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, அரிசி புடைத்துக் காட்டினார். பெண் அதையும் அளந்து எழுதிக் கொண்டாள்.